கோரைப் பள்ளத்தில் நான்கு மனைகள்

ராயகடா, ஒடிசா
12.05.2024

அன்புள்ள தம்பி ஜீவாவுக்கு,

அக்கா மெர்சி எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே நலம். நீயும் கிறிஸ்டினாவும் எப்படி இருக்கிறீர்கள்? முதுகுவலி தேவலையா? ஆம்பூருக்கும் மாதனூருக்கும் பைக்கில் தினமும் அலையாதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. மாத்திரையாவது ஒழுங்காகப் போடு.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறினால்தான் இங்கே சிக்னல். மூச்சு வாங்க ஏறிப் போனால் நீ ‘ஹலோ ஹலோ’ என்கிறாய், நான் ‘கேக்குதா கேக்குதா’ என்கிறேன். அதற்குள் வார்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

ஈஸ்டர் லீவில் வந்தபோது ரிஜிஸ்டர் ஆபீசில் உனக்குப் பவர் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் நாலு ஏக்கரை நீ வீட்டுமனையாகப் பிரிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. ஆபீஸ் வாசலில் வைத்துச் சொன்னேன், நீயும் தலையாட்டினாய். தலையாட்டுவது உனக்குச் சுலபம், அதனால் எழுத்தில் மறுபடியும் சொல்கிறேன். கோரைப் பள்ளத்தில் கை வைக்கக் கூடாது.

மலைப்பக்கத்து மழைத் தண்ணீரெல்லாம் ஓடையாக நம் நிலத்தில் இறங்கி அந்தப் பள்ளத்தில் பரவி நிற்கிறது. கோரையும் சம்புப் புல்லும் அதைப் பிடித்து வைத்து, மெதுவாக ஏரிக்கு விடுகின்றன. பாலாற்றுப் பக்கம் பாதி ஊர் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் இன்னும் பருப்பு வேகிறது. அது யார் தயவு என்று நினைக்கிறாய்?

இங்கே போன வருஷம் ஒரு குளத்தைத் தூர்த்து நர்ஸ் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். முதல் மழைக்கே பிரசவ வார்டுக்குள் தண்ணீர். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளைக் கட்டிலோடு தூக்கி மேஜை மேல் வைத்தோம். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு என் சொந்த நிலத்தில் அதே வேலை நடக்க விடமாட்டேன்.

என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு மாமா வேலூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போடு. வரும் பிப்ரவரியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா மெர்சி


மாதனூர்
03.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. முதுகு பரவாயில்லை, மனுஷர்கள்தான் பேஜார்.

பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கென்று பொதுவில் விட்டே ஆக வேண்டும். அந்தக் கணக்கில் பள்ளத்தையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் காட்டிவிடலாம் என்று பார்ட்னர் உமர் ஃபாரூக் பாய் சொல்கிறார். நீ அவரைப் பார்த்ததில்லை. தோல் வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகளோடு ஒத்துவராமல் வெளியே வந்து ரியல் எஸ்டேட் செய்கிறார். நேர்மையான ஆள், பேச்சு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

மனை பார்க்க வருகிறவர்கள்தான் உயிரை எடுக்கிறார்கள். ஒருவர், “தண்ணி நல்லா இருக்குமா?” என்று கேட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். அப்படியே திரும்பிப் பள்ளத்தைப் பார்த்து, “இத மூடிடுவீங்க இல்ல? கொசு வரும், பாம்பு வரும்” என்கிறார். இரண்டும் ஒரே தண்ணீர் சார் என்றால் நான் மனை விற்கத் தெரியாதவன் என்பது போலப் பார்க்கிறார்.

ஆனால் ஒரு நல்ல குடும்பம் வாங்கியிருக்கிறது. அஃப்ஷா என்று ஒரு அம்மா, ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார்கள். கீழ்த்தெருவில், பள்ளத்துக்கு நேர் மேலே. “காலைல கொக்கு பாக்கலாம்” என்று சொல்லி அந்த மனைதான் வேண்டுமென்று எடுத்தார்கள். அவசரம், உடனே வீடு ஆரம்பிக்கப் போகிறார்கள்.

கிறிஸ்டினா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
ஜீவா


ராயகடா
16.06.2024

அன்புள்ள ஜீவாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்து, நீ பிறந்ததிலிருந்து முதல் முறையாக நான் சொன்னதை ஒரே தடவையில் கேட்டிருக்கிறாய் என்று வார்டில் படுத்திருக்கும் பாட்டியிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சிரித்தாள்.

இன்னும் இரண்டு விஷயம். ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னக் குழாயைப் புதைத்து ஏமாற்றாதே. தண்ணீர் தாராளமாகப் போகிற மாதிரி ஒழுங்கான கல்வெர்ட் கட்டு. செப்டிக் டேங்க் எதுவும் பள்ளத்தின் ஓரத்தில் வரக் கூடாது. அந்த அஃப்ஷா அம்மாவிடமும் பக்குவமாகச் சொல்.

அப்ரூவலுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் பள்ளத்தை எப்படிக் காட்டியிருக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அக்கா


மாதனூர்
24.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதம். வேலை அப்படி.

ரோடு போட்டாயிற்று. தெருவிளக்குக் கம்பம் வந்துவிட்டது. ஹைவே பக்கம் ஆர்ச் கட்டியிருக்கிறோம், ராத்திரியில் லைட் போட்டால் மாதனூர் பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிகிறது. நகருக்குப் பெயர் வைப்பதில்தான் ஒரு வாரம் சண்டை. அப்பா பெயரைச் சொன்னேன். “அப்பா பேரு வெச்சா சொந்தக்காரங்கதான் வாங்குவாங்க” என்று உமர் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ‘லேக் வியூ கார்டன்’ என்று முடிவாயிற்று.

அப்ரூவல் வந்துவிட்டது. அஃப்ஷா வீட்டில் ரூஃப் கான்கிரீட் முடிந்தது. எங்களுக்கெல்லாம் பிரியாணி கொடுத்தார்கள். கிறிஸ்டினா சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர் ஆகியிருக்கிறாள். வீட்டில் என்னையும் மினிட்ஸ் எழுதச் சொல்கிறாள்.

மாமா இப்போது அடிக்கடி வருகிறார். சைட்டைச் சுற்றிப் பார்க்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது.

ஒடிசாவில் மழை எப்படி?

உன் தம்பி,
ஜீவா


ராயகடா
04.08.2024

ஜீவா,

நலம். மழை நன்றாகப் பெய்கிறது.

நான் கேட்டது பள்ளம். நீ எழுதியது ஆர்ச்.

நான் கேட்டது வரைபடம். நீ எழுதியது பிரியாணி.

ஏரியைக் காட்டி விற்கிறவர்கள் ஏரிக்குத் தண்ணீர் போகும் இடத்தை என்ன செய்திருக்கிறீர்கள் என்று இந்தத் தடவையாவது எழுது. உனக்குப் பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால், தெரிந்த கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதி வைப்பாய். நான் அப்போதே உன் பேப்பரைப் பார்த்தவள்.

கிறிஸ்டினாவுக்கு என் வாழ்த்து. அவளாவது மினிட்ஸ் ஒழுங்காக எழுதட்டும்.

மெர்சி


மாதனூர்
18.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபமாக இருப்பாய். இதைப் படித்தால் இன்னும் கோபம் வரும். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

பூங்கா இடம் ஹைவே பக்கம் போய்விட்டது. பள்ளத்தில் நான்கு மனைகள் விழுகிற மாதிரி வரைபடம் அப்ரூவ் ஆகியிருக்கிறது. ஏன் என்று கேட்காதே. சந்தர்ப்பம் அப்படி அமைந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் மண் அடிக்க ஆரம்பித்தார்கள். ஓடை முடியும் பக்கமிருந்து லாரி லாரியாகக் கொட்டி, பாதிப் பள்ளம் மேடாகிவிட்டது.

நான் ஆபீஸ் வேலையாக வேலூர் போயிருந்த ஒரு நாள் உமர் பாய் சைட்டுக்கு வந்திருக்கிறார். வண்டியை நிறுத்தியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். கொட்டி வைத்திருந்த மண்ணைக் குச்சியால் கிளறியிருக்கிறார். உடனே எனக்குப் போன்.

“இன்னா ஜீவா, கண்ணு தெரில உனக்கு? மேல ஒரு சாண் மண்ணு, உள்ள பூரா தோல் ஷேவிங், சீவிப்போட்ட கழிவு. நீலமா இருக்குது பாரு, கெமிக்கல்ல ஊறுனது. பொறந்ததுலேர்ந்து இந்த வாசனைல வளந்தவன்யா நானு. இத கெணத்துப் பக்கத்துல கொட்றீங்க!”

“எனக்குத் தெரியாது பாய். லாரி நான் வெக்கல.”

“நீ வெக்கலன்னா யாரு வெச்சது?”

நான் போனை வைத்துவிட்டேன். அவர் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எந்தத் தோல் ஷெட்டிலிருந்து வந்தது என்று டிரைவருக்கும் தெரியவில்லை. புரோக்கர் சொன்ன இடத்தில் ஏற்றினானாம். அன்றோடு மண் அடிப்பது நின்றது. அடித்தது அடித்தபடியே கிடக்கிறது. அஃப்ஷா வீட்டில் போன வாரம் பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டார்கள். ஜன்னல் திறக்க முடியவில்லை என்கிறார்கள்.

என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜீவா


ராயகடா
29.09.2024

ஜீவா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

‘சந்தர்ப்பம் அமைந்துவிட்டது’ என்றால் என்ன? சந்தர்ப்பமா கையெழுத்துப் போட்டது? பவர் யாரிடம் இருக்கிறது? நாலு மனை அதிகம் விற்க வேண்டுமென்று ஆசை. அதைச் சொல்லத் தைரியமில்லை. ‘லாரி நான் வெக்கல’ என்று பார்ட்னரிடம் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பதில். பள்ளத்தை மூடியது போதாதென்று அதில் விஷத்தையும் கொட்டியிருக்கிறாய். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே அஃப்ஷா வீட்டில் குடிப்பார்கள்? ஒரு நர்ஸின் தம்பி செய்கிற காரியமா இது?

பவரை ரத்து செய்வதாக இருக்கிறேன். மாமாவுக்கு போன் செய்து, “நீங்க போய் அவன நிறுத்துங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பான்” என்று சொல்லியிருக்கிறேன். “பாத்துக்கறேன்” என்றார். அவர் வந்து நாலு வார்த்தை கேட்டால்தான் உனக்குப் புத்தி வரும்.

இனி எனக்கு எழுதினால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் தபால் தலையை வீணாக்காதே.

மெர்சி


மாதனூர்
14.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்டினா எழுதுவது. கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்க ஜெபிக்கிறோம். இவருக்குத் தெரியாமல் எழுதவில்லை. சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதாத” என்றார். எழுதாமல் இருந்து இருந்துதான் இந்த நிலைமைக்கு வந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவர் மேல் தப்பு இருந்து திட்டு வாங்கினால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

அண்ணி, அந்த நான்கு மனைகளும் உங்கள் பங்கு. கேட்டு வாங்கியவர் உங்கள் வீட்டுக்காரர், அந்தோணி அண்ணன்.

ஜூன் கடைசியில் வந்தார். பள்ளத்தைப் பூங்காவாகப் போட்ட வரைபடத்தை இவர் காட்டினார். மேலே உங்களுக்கென்று ஒரு மனை ஒதுக்கி வைத்திருந்தார். அண்ணன் பார்த்துவிட்டு, “ஒரே மனையா? எனக்கு ரெண்டு பசங்க இருக்கானுங்க மாப்ளே. சேத்துக்கும் கோரைக்கும் அவ்ளோ எடம் வுடுவியா? மேடாக்கு, நாலு மனை வரும்” என்றார். நான் காப்பி கொடுத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

“அக்கா ஒத்துக்காது மாமா” என்றார் இவர்.

“அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத.”

இவருக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது அவர். எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்ததும் அவர். இவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. லாரியும் அண்ணன் ஏற்பாடு. மண்ணில் என்ன கலந்திருந்தது என்று அவருக்கும் தெரியாது, அது வேறு. தெரிந்த பிறகும் “ஓரமா எடுத்துட்டு நல்ல மண்ணு போட்டுக்கலாம்” என்கிறார். நீங்கள் அவரையே போய் நிறுத்தச் சொன்னீர்களே, அன்று சாயந்திரம் வந்து எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடியது. யாரும் பார்க்கவில்லை.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பிளான் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமாம். “இருவது வருஷம் கண்ட ஊர்ல வேலை செஞ்சிட்டா, வந்து நின்னு பாக்கட்டும்” என்று என்னிடம் காட்டினார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நீங்கள் ஆள் மாற்றித் திட்டிக்கொண்டிருப்பதை நான் எத்தனை மாதம் பார்ப்பது?

மனதில் பட்டதை எழுதிவிட்டேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்டினா


ராயகடா
02.11.2024

அன்புள்ள ஜீவாவுக்கும் கிறிஸ்டினாவுக்கும்,

கடிதம் வந்தது.

அவரிடம் கேட்டேன். “சிக்னல் சரியில்ல மெர்சி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜீவா, உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி உனக்கு உரியதுதான். வாயைத் திறக்காதே என்று ஒருவர் சொன்னால் திறக்காமலேயே இருந்துவிடுவதா?

அந்த நான்கு மனைகளும் என் பெயரில் வர வேண்டியவை. எனக்கு வேண்டாம். கொட்டியதை அள்ளி எடு. பள்ளம் பழையபடி பள்ளமாக இருக்கட்டும். பெரிய மழை இறங்குவதற்குள் செய்.

கிறிஸ்டினா, உன் மேல் எனக்கு வருத்தமில்லை.

மெர்சி


மாதனூர்
11.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். நாங்கள் எல்லோரும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே உமர் பாய் ஜேசிபி பேசினார். சைட்டுக்குக் கொண்டுபோனோம். மாமா எப்படியோ தெரிந்துகொண்டு வேலூரிலிருந்து வந்துவிட்டார். மண்மேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

“என் பொண்டாட்டிக்கு வீடு கட்டற எடம் இது. தோண்டணும்னா என்னயும் சேத்து அள்ளு” என்றார்.

உமர் பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “அண்ணே, அக்காவே வேணாம்னு எழுதிட்டாங்க. யாருக்குண்ணே கட்றீங்க?” என்று கேட்டார். மாமா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் இறங்கவில்லை. டிரைவர் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டான். இதை எப்படி உனக்கு எழுதுவது என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் புயல் வந்துவிட்டது.

சனிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், அஃப்ஷா போன் செய்தார்கள். “சார், தண்ணி வாசப்படி ஏறிடிச்சி” என்று ஒரே அழுகை. அவர்கள் வீட்டுக்காரர் தௌசீப் கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். வீட்டில் மாமியார் நசீமுன்னிசா அம்மா. முட்டி ஆபரேஷன் முடிந்து நடக்க முடியாமல் படுத்திருந்தவர்.

நான் போனபோது கீழ்த்தெரு முழுக்கத் தண்ணீர். மலையிலிருந்து ஓடை முழுசாக இறங்குகிறது, கீழே போக வழியில்லை. மண்மேடு அணை மாதிரி நிற்கிறது. அடைபட்ட தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறுகிறது. அதற்கு அந்தப் பக்கம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை, அக்கா.

மாமா எனக்கு முன்பே அங்கே இருந்தார். மனையைப் பார்க்க வந்தாரா, வேறு எதற்கு வந்தாரா, நான் கேட்கவில்லை. பேன்டை மடித்துக்கொண்டு அஃப்ஷா வீட்டுக்குள் போனார். அந்த அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கம் மாமாவும் மறுபக்கம் உமர் பாயுமாகத் தூக்கி வந்தார்கள். இடுப்பளவு தண்ணீர். மண்மேடு கரைந்து, அந்த நீலத் தோல் சுருள்கள் தெரு முழுக்க மிதக்கின்றன. மாமா சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. நாற்றம் தாங்கவில்லை.

அந்த அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு மாமாவை மகன் மாதிரி அழைத்துக் கேட்டார்கள். “யாரு பேட்டா இந்த மண்ண இங்க கொட்னது? அவங்களுக்கு வூடு வாசல் இல்லியா?”

மாமா குனிந்தபடி நடந்தார். உமர் பாய் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் வழி விலக்கினேன். நாற்காலியை மேல் ரோட்டில் இறக்கிவிட்டு, மாமா அப்படியே ஆர்ச் ஓரமாகப் போய் நனைந்துகொண்டு நின்றார். குடை கொடுத்தேன். வாங்கினார், விரிக்கவில்லை.

மழை விட்டதும் ஜேசிபியை வரச் சொன்னோம். ஓடை வாயை முதலில் வெட்டிவிட்டோம். தண்ணீர் வடிந்துவிட்டது. இந்தத் தடவை குறுக்கே யாரும் நிற்கவில்லை. மாமா அன்றே பஸ் ஏறிப் போய்விட்டார். போனை எடுப்பதில்லை.

அஃப்ஷா குடும்பம் இப்போது எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது.

ஜீவா


மாதனூர்
20.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. கிறிஸ்மஸ் கார்டுகூட வரவில்லை. நீ திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

மண்ணை முழுக்க அள்ளியாயிற்று. அள்ளியதை எங்கே கொண்டுபோவது என்பதில் ஒரு மாதம் போயிற்று. ஒரு ஆபீசில், “இது மண்ணு, எங்க வேலை இல்ல” என்றார்கள். இன்னொரு ஆபீசில், “இது தோலு, எங்க வேலை இல்ல” என்றார்கள். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து ஒரு கிலோவை மேஜை மேல் கொட்டலாமா என்று உமர் பாய் கேட்டார். கடைசியில் அவரே சண்டை போட்ட அண்ணன்களிடம் போய்ப் பேசி, தோல் கழிவு வாங்கும் கிடங்கு ஒன்றுக்கு அனுப்ப வழி செய்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் டீ குடித்தாராம்.

கிணற்றுத் தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம். ரிசல்ட் வரும் வரை யாரும் குடிக்க வேண்டாம் என்று பூட்டு போட்டிருக்கிறேன். எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அஃப்ஷா வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தோம். குடி போய்விட்டார்கள், ஆனால் என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. யார் கொட்டியது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து.

வரைபடத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறோம். பள்ளத்தைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரமாக எழுதிவிட வேண்டும். பவர் இருக்கிறது, நானே போடலாம். ஆனால் நீ வந்து உன் கையால் போடுவதுதான் சரி.

மேலே உனக்கு ஒதுக்கியிருந்த மனை ஆகஸ்டிலேயே வேறு ஆளுக்குப் போய்விட்டது. என் மனையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். கிறிஸ்டினாதான் முதலில் சொன்னாள்.

இனி மாமா. பொங்கல் கழித்து ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பள்ளத்தைச் சுற்றி நடந்தார். கல்வெர்ட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாடா இது, எலி போறதுக்கா கட்னீங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். கல்வெர்ட்டை உடைத்துப் பெரிதாகக் கட்டச் சொல்லி உமர் பாயோடு சண்டை. யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்ட வந்தான் என்று டிராக்டர் முன்னால் போய் நின்றிருக்கிறார். பஞ்சாயத்தில் மனு மேல் மனு. பள்ளத்தில் மறுபடி தண்ணீர் நிற்கிறது, கோரை லேசாக முளைத்திருக்கிறது. அதில் ஆடு மேய விடுகிறார்கள் என்று எனக்கு ஒரு நாளைக்கு நாலு போன். வேலையே ஓடவில்லை, அக்கா. சீக்கிரம் வா.

ஜீவா


ராயகடா
09.02.2025

அன்புள்ள ஜீவாவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதாமல் இருந்தது உன் மேல் கோபத்தால் இல்லை. நாற்காலியைத் தூக்கி வந்ததை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அஃப்ஷாவிடம் நீயே சொன்னது சரி. பேசாவிட்டால் பரவாயில்லை, பேசும்போது பேசுவார்கள். டெஸ்ட் ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அவர்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும், மனை வாங்க வருகிறவனுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வந்ததும் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் மனையில் பாதி எனக்குச் சம்மதம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நீயும் நானும் இருந்தால் தினம் ஒரு சண்டை நிச்சயம். கிறிஸ்டினாவிடம் யோசித்துத்தான் சொன்னாயா என்று கேள்.

நேற்று மாமா போன் செய்தார். முழுசாகப் பதினைந்து நிமிஷம் கல்வெர்ட். குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் சரிவு, வேலிக்குக் கல் கால் நல்லதா இரும்பு நல்லதா, டிராக்டர்க்காரன் என்ன சொன்னான், இவர் என்ன சொன்னார். எல்லாம் கேட்டேன். ஜூனிலிருந்து எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்றது. இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேன்” என்றேன்.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு காலை காட்பாடியில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வராதே. கார் எடுத்துக்கொண்டு அவரைத் தனியாக வரச் சொல். மாதனூர் வரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவர் பேசட்டும்.

அக்கா மெர்சி